கணக்கில் வராத நாட்கள்

ஐப்பசி மாதக் கடைசி வந்துவிட்டால் நம்மில் பலருக்கு மனசு நிலைகொள்ளாது. மும்பையில் இருந்தாலும் நியூ ஜெர்ஸியில் இருந்தாலும் அந்தச் சில நாட்களுக்கு நினைப்பெல்லாம் கல்பாத்தி விஸ்வநாத சுவாமி கோயில் வாசலில்தான். லீவு கிடைத்தவர்கள் போய்ச் சேருகிறோம். கிடைக்காதவர்கள் போனவர்களிடம் கதை கேட்கிறோம்.

கல்பாத்தித் தேரைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. முன்னால் வடம் பிடிக்க நூற்றுக்கணக்கான கைகள். பின்னாலிருந்து நெற்றி கொடுத்துத் தள்ள யானை. இத்தனை இருந்தும் தேர் சில இடங்களில் நின்றுவிடும். உடனே கூட்டம் 'இழு, இழு' என்று கத்தும். முட்டுக்கட்டை போடுகிற ஆள் மட்டும் கத்த மாட்டார். குனிந்து சக்கரத்தைப் பார்ப்பார். எந்தச் சக்கரத்தை எது தடுக்கிறது என்று கண்டுபிடித்து அதை எடுப்பார். தேர் நகரும்.

நம் நாட்டுக் கோர்ட்டுகளில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதைப் பற்றி நாமும் வெகு காலமாகக் கத்திக்கொண்டுதான் இருக்கிறோம். குனிந்து சக்கரத்தைப் பார்த்தோமா என்பதுதான் கேள்வி.

இந்தப் பேச்சைத் தேருக்குப் போயிருந்தபோது ஒரு திண்ணையில் ஆரம்பித்தேன். உறவினரான பெரியவர் ஒருவர் இடைமறித்தார். "ஏண்டா, தேர் பாக்க வந்த எடத்துல ஜெயில் கதை எதுக்கு? நமக்கும் ஜெயிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி. அங்கே சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

உள்ளே இருப்பவர்கள் யார்?

பாலக்காட்டுக்காரர்களுக்குச் சிறைச்சாலை தூரத்து விஷயம் அல்ல. ஹைதர் அலி 1766-ல் கட்டிய கோட்டைக்குள்தான் பல ஆண்டுகள் சிறை இருந்தது. கோட்டை ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தப் போன நாமெல்லாம் அதே மதிலுக்குள் பூட்டப்பட்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில்தான் நடந்து போயிருக்கிறோம். இப்போது மாவட்டச் சிறை மலம்புழையில் இருக்கிறது. கேரளத்துச் சிறை என்றதும் பலருக்கு அங்கே செய்து விற்கும் சப்பாத்திதான் ஞாபகத்துக்கு வரும். அந்தச் சப்பாத்தியைத் தாண்டி உள்ளே இருப்பது யார்?

'குற்றம் செய்தவர்கள்' என்று சட்டென்று சொல்லிவிடுவோம். கணக்கு வேறு சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. 2022-ம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். சிறைகளின் கொள்ளளவு 4,36,266 பேர்தான். அதாவது, நூறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர் படுத்தார்கள். அந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பங்கு!

விசாரணைக் கைதி என்றால் குற்றவாளி என்று கோர்ட் இன்னும் சொல்லாதவர். அவர் நாளைக்கே நிரபராதி என்று விடுதலையாகலாம். அப்படி விடுதலையானால் உள்ளே கழித்த நாட்களை எந்த நீதிபதியாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. 2022-ம் ஆண்டுக் கணக்கில், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்தவர்கள் 11,448 பேர்.

இந்த நிலைமை நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் கவுண்டி ஜெயில் என்று சொல்வது ஏறக்குறைய நம் மாவட்டச் சிறை மாதிரி. 2022-ம் ஆண்டு நடுவில் அங்கே அப்படிப்பட்ட உள்ளூர்ச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 6,63,000 பேர். அவர்களிலும் நூற்றுக்கு எழுபது பேர் தீர்ப்பு ஆகாதவர்கள். எவ்வளவு பணக்கார நாடானாலும் ஏழைக்குச் சிறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது மெதுவாகத்தான்.

மலம்புழை அணைக் கணக்கு

சிறை நிரம்பி வழிந்தால் நாம் இரண்டு காரணம் சொல்வோம். ஒன்று, குற்றங்கள் பெருகிவிட்டன. மற்றொன்று, சிறைகள் போதவில்லை. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் மலம்புழை அணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது காரணம் எளிதில் புரிய வேண்டும். அணையில் நிற்கும் தண்ணீர், வரத்தை மட்டும் பொறுத்ததல்ல. மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. மழை அதிகம் இல்லாமலே, மதகை அடைத்து வைத்தால் அணை நிரம்பும்.

சிறைக்கும் இதே கணக்குத்தான். ஒரு சிறைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 10 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 30 நாள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாள் எண்ணினாலும் உள்ளே 300 பேர் இருப்பார்கள். அதே 10 பேர் 20 நாள் மட்டும் இருந்தால் 200 பேர். ஒரு செங்கல்கூட வைக்காமல் 100 பேருக்கு இடம் கிடைத்துவிட்டது. அமெரிக்கக் கணக்கையே எடுங்கள். 2022-ல் உள்ளூர்ச் சிறைகளுக்குள் போன தடவைகள் சுமார் 73 லட்சம். தங்கியது சராசரியாக 32 நாள். 73 லட்சத்தை 32-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 6,40,000. எண்ணிப் பார்த்த தொகைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

இதில் சராசரி என்ற சொல்லிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தினமும் வரும் 10 பேரில் 9 பேர் இரண்டே நாளில் ஜாமீனில் போய்விடுகிறார்கள், ஒருவர் மட்டும் 1,000 நாள் இருக்கிறார் என்று கொள்வோம். சராசரி சுமார் 102 நாள் என்று வரும். அப்படி 102 நாள் இருந்த ஆள் ஒருவர்கூட அந்தச் சிறையில் கிடையாது! அங்கே எந்த நாளில் எண்ணினாலும் 1,018 பேர் இருப்பார்கள். அவர்களில் 18 பேர்தான் சீக்கிரம் போகிறவர்கள். 1,000 பேர் நீண்ட நாள் கிடப்பவர்கள். வருகிறவர்களில் பத்தில் ஒருவராக இருந்தவர், உள்ளே இருப்பவர்களில் ஏறக்குறைய எல்லாராகவும் ஆகிவிடுகிறார். அவருடைய ஆயிரம் நாளில் நூறு நாளைக் குறைத்தால் நூறு பேர் இடம் காலியாகும். மற்ற ஒன்பது பேரை ஒரு நாள் முன்னால் அனுப்பினால் ஒன்பது இடம்தான் காலியாகும்.

ஆகவே 'சிறையில் எத்தனை பேர்?' என்ற கேள்வி பாதிக் கேள்விதான். 'யார், எத்தனை நாளாக, எதற்காகக் காத்துக்கொண்டு?' என்பதுதான் முழுக் கேள்வி. சுருக்கெழுத்தும் டைப்பும் கணக்கும் கற்றுக்கொண்டு ரயிலேறிய பரம்பரை நம்முடையது. இந்தக் கணக்கு நமக்குப் புரியாமல் போகாது.

ஒரு பட்டியல் செய்த வேலை

கணக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர் என்ற கவுண்டியின் ஷெரீஃபாக 1773-ல் ஜான் ஹோவர்ட் என்பவர் வந்தார். குற்றமற்றவர்கள் என்று விடுதலையானவர்களும் சிறைக் காவலருக்குக் கட்டணம் கொடுக்க முடியாததால் உள்ளேயே கிடப்பதைக் கண்டார். கோபப்பட்டதோடு நிற்கவில்லை. குதிரை ஏறிச் சிறை சிறையாகப் போய்க் கணக்கெடுத்தார். 1777-ல் புத்தகமாக வெளியிட்டார். அவர் எண்ணியவர்கள் 4,084 பேர். அவர்களில் 2,437 பேர் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவர்கள்! திருடர்களுக்காகக் கட்டிய சிறையில் பாதிக்கு மேல் கடனாளிகள் என்ற உண்மை, அந்த எண்ணிக்கைக்குப் பிறகுதான் ஊரார் கண்ணில் பட்டது.

இரண்டாவது, நம் நாட்டில் நடந்தது. 1979 ஜனவரியில் தேசிய போலீஸ் கமிஷன் உறுப்பினர் கே.எஃப். ருஸ்தம்ஜி, பீகார் சிறைகளில் வருஷக்கணக்காகக் கிடக்கும் விசாரணைக் கைதிகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த வக்கீல் கபிலா ஹிங்கோரானி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஹுஸைனாரா காத்தூன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது அதுதான். குற்றம் நிரூபணமானால் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக நாள் விசாரணைக் கைதியாகவே இருந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நீதிபதி பி.என். பகவதி கேட்டது என்ன தெரியுமா? ஆண்டுவாரியாக, சிறு குற்றம், பெருங்குற்றம் என்று பிரித்து ஓர் அட்டவணை கொண்டு வாருங்கள் என்றுதான் பீகார் அரசிடம் கேட்டார். விரைவான விசாரணை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு அதிலிருந்து பிறந்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக நாடு முழுவதும் சுமார் 40,000 பேர் வெளியே வந்ததாகச் சொல்வார்கள்.

வெளியூர்க்காரனுக்கு யார் ஜாமீன் நிற்பார்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். நமக்கும் ஜெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாரே பெரியவர், அதற்குப் பதில் நம் பாலக்காட்டிலேயே பிறந்த ஒருவர் 1978-ல் எழுதி வைத்திருக்கிறார்.

நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் 1915-ல் பிறந்தவர். மலபாரில் வக்கீலாக இருந்தவர். 1948-ல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவியதாகச் சொல்லி அவரையே ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். 1957-ல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், சிறை முதலிய துறைகளை அவர்தான் பார்த்தார். பின்னர் 1973 முதல் 1980 வரை சுப்ரீம் கோர்ட் நீதிபதி. கைதியாகவும் சிறை அமைச்சராகவும் நீதிபதியாகவும் சிறையைப் பார்த்தவர் நாட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அவர் முன் 1978-ல் மோதி ராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்துக்காரர். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டார். சகோதரர் வந்து நிற்கத் தயாராக இருந்தும், அவருடைய சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவில்லை. கிருஷ்ணய்யர் கேட்ட கேள்வி நம்மைப் போன்றவர்களுக்காகவே கேட்டது போல இருக்கும். ஒரு மலையாளியோ தமிழனோ கன்னடக்காரனோ தெலுங்கனோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ டெல்லி சாந்தினி சௌக்கிலோ கைதானால் அந்த ஊர்க்காரர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்று கேட்டார். அந்தக் கொத்தனாரை 1,000 ரூபாய்க்குத் தன் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார்.

வெளியூரில் பிழைக்கப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது பொருந்தும். நமக்கு ஊர் மாறியது; மொழி மாறியது; ரேஷன் கார்டு மாற வருஷங்கள் ஆயின. முதல் தலைமுறையில் ஒருவர் தெரியாத்தனமாக ஒரு வழக்கில் சிக்கியிருந்தால் கோர்ட்டில் வந்து நிற்கச் சொத்துள்ள ஆள் யார் இருந்திருப்பார்கள்? சங்கம் என்று ஒன்றை நம் முன்னோர் ஆரம்பித்ததற்கே, ஆபத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்ற பயமும் ஒரு காரணம்தான்.

இன்று கல்பாத்தியில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிலும் பாலக்காட்டுக் கட்டட வேலைகளிலும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கைதானால் நிலவரி கட்டிய ரசீதோடு வந்து நிற்கும் உள்ளூர்க்காரர் யார்? அறுபது வருஷத்துக்கு முன் மாதுங்காவில் நாம் எப்படி இருந்தோமோ, அப்படித்தான் இன்று அவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

ஆள் ஜாமீன் கேட்காவிட்டால் ஓடிவிடுவார்களே என்று பயப்படுவோம். இதற்கும் கணக்குத்தான் பதில். நியூயார்க்கில் 1961-ல் மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கைதானவரிடம் எத்தனை நாளாக அதே வீட்டில் இருக்கிறாய், வேலை உண்டா, குடும்பம் எங்கே என்று கேட்டு, விசாரித்து, மதிப்பெண் போட்டு, தேறியவர்களைப் பணம் இல்லாமலே விடும்படி நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள். சுமார் மூன்று ஆண்டுகளில் இப்படி 3,505 பேர் வெளியே போனார்கள். அவர்களில் கோர்ட்டுக்கு வராமல் போனவர்கள் 56 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நம் ஹுஸைனாரா தீர்ப்பிலேயே இந்தத் திட்டத்தைப் பகவதி எடுத்துக்காட்டியிருக்கிறார்.

நியூ ஜெர்ஸியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கலாம். அந்த மாநிலத்தின் கவுண்டி ஜெயில்களில் இருந்தவர்களை ஆராய்ந்து 2013-ல் ஓர் அறிக்கை வந்தது. நூற்றுக்கு 12 பேர் 2,500 டாலரோ அதற்கும் குறைவாகவோ கட்ட முடியாததாலேயே உள்ளே இருந்தார்கள் என்று அது காட்டியது. அடுத்த ஆண்டே ஜாமீன் சட்டம் மாறியது. 2017 ஜனவரி 1 முதல் பண ஜாமீன் ஏறக்குறைய ஒழிந்தது. 2015 முடிவையும் 2018 முடிவையும் ஒப்பிட்டால், விசாரணைக்குக் காத்திருக்கும் கைதிகள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் குறைந்திருந்தார்கள். சக்கரத்தைக் குனிந்து பார்த்ததன் பலன் இது.

சட்டம் இருக்கிறது, கழித்தல் கணக்கு இல்லை

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்ட விசாரணைக் கைதியை ஜாமீனில் விடலாம் என்று 2005-லேயே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 436-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தின் 479-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. முதல் தடவை குற்றம் சாட்டப்பட்டவரானால் மூன்றில் ஒரு பங்கு காலம் போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. முதல் தடவை சிக்கியவர் ஓராண்டு உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனுக்கு உரியவர் ஆகிறார். இதைக் கண்டுபிடிக்கச் சட்டப் புலமை வேண்டாம். வந்த தேதி தெரிய வேண்டும், பிரிவு தெரிய வேண்டும், கழிக்கத் தெரிய வேண்டும். ஆனால் அந்தக் கழித்தலை ஒருவர் உட்கார்ந்து போட வேண்டுமே! அதற்காகத்தான் ஒவ்வொரு ஜில்லாவிலும் ஜில்லா நீதிபதி தலைமையில், கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் அங்கத்தினராக, விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. அது எத்தனை முறை கூடியது, எத்தனை பேரைப் பரிந்துரைத்தது, அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வெளியே வந்தார்கள் என்ற மூன்று எண்களை ஊர்க்காரர்கள் கேட்டதுண்டா?

உத்தரவு வேறு, கதவு திறப்பது வேறு. 2021 ஜூலையில் ஆக்ரா சிறையில் 13 பேருக்குச் சுப்ரீம் கோர்ட்டே ஜாமீன் கொடுத்தும், உத்தரவின் நகல் வந்து சேரவில்லை என்று சில நாள் அடைத்தே வைத்திருந்தார்கள். மின்னஞ்சல் காலத்தில் புறா வந்து உத்தரவு கொடுக்கும் என்று வானத்தைப் பார்க்கிறார்களா என்கிற ரீதியில் தலைமை நீதிபதி ரமணா வருத்தப்பட்டார். ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் ஜில்லா சட்டப்பணிகள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் விதித்தது. ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர் என்று ஒரு வகையினர் இருப்பதையே அந்த உத்தரவுதான் பதிவேட்டில் ஏற்றியது எனலாம்.

தாமதம் குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் வாட்டுவதில்லை. நம் பாலக்காடு ஜில்லாவிலேயே அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22-ம் தேதி மது என்ற ஆதிவாசி இளைஞரை அரிசி திருடினார் என்று சொல்லிக் கட்டிவைத்து அடித்துக் கொன்றார்கள். மண்ணார்க்காடு சிறப்புக் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2023 ஏப்ரலில். ஐந்து ஆண்டு! இடையில் அரசுத் தரப்பு வக்கீல்கள் மாறினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பல்டி அடித்தார்கள். சாட்சிகளைக் கலைத்ததாகச் சொல்லிப் பலருடைய ஜாமீனைக் கோர்ட்டே ரத்து செய்தது. கடைசியில் 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அந்த ஐந்து ஆண்டும் மதுவின் தாயும் சகோதரியும் கோர்ட் வாசலுக்கு நடந்தார்கள். ஜாமீன் என்பது எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதல்ல என்பதையும், வழக்கு நீள நீள ஏழையின் சாட்சியம்தான் முதலில் கரையும் என்பதையும் இந்த வழக்கு காட்டுகிறது.

தேசிய நீதித் தரவுத் தொகுப்பு 2015 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. கீழ்க் கோர்ட்டுகளில் தேங்கியிருப்பவை நாலு கோடிக்கும் மேல் என்பதை யாரும் பார்க்கலாம். ஜில்லா வாரியாக, வயது வாரியாக, தாமதத்துக்கான காரணம் வாரியாகக்கூட அதில் பார்க்க முடிகிறது. ஆனால் கோர்ட்டின் கணக்கு தனி, சிறையின் கணக்கு தனி, போலீஸின் கணக்கு தனி என்று இருந்தால், மூன்று பேரேடுகளையும் ஒத்துப் பார்க்கிறவர் வேண்டாமா? ஆடிட் செய்து பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கணக்கும் தவறு செய்யும்

எண்ணை எழுதிவிட்டால் நியாயம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கட்டத்தை வரைகிறோம் என்பதைப் பொறுத்து ஏடும் அநியாயம் செய்யும். சிறைக்குள் சமையலுக்கு ஒரு சாதி, துப்புரவுக்கு ஒரு சாதி என்று வேலை பிரிக்கும் விதிகள் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் இருந்தன. 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அவற்றைச் செல்லாது என்று சொல்லி, சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. ஆளுக்கு வேலை பிரிக்க அந்தக் கட்டம் உதவியது என்பது நமக்கு வெட்கம். அதே சமயம், சிறையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் என்று தேசியக் கணக்கு எடுத்ததால்தான் தெரிகிறது. ஒருவரை இழிவுபடுத்தக் கேட்கும் கேள்வி வேறு. ஒரு கூட்டத்துக்கு நடக்கும் அநீதியை அறியக் கேட்கும் கேள்வி வேறு.

ஆபத்து இன்னொன்றும் உண்டு. முன்பு எத்தனை முறை கைதானார் என்று பார்த்து ஓடிவிடுவாரா மாட்டாரா என்று இயந்திரத்தை மதிப்பெண் போடச் சொல்லும் முறை அமெரிக்காவில் பரவியிருக்கிறது. எந்தத் தெருவில் போலீஸ் அடிக்கடி போகிறதோ அந்தத் தெருக்காரர்கள்தான் அடிக்கடி கைதாவார்கள். அதையே குணக்கேடாக இயந்திரம் எண்ணிவிடும். ஆகவே நாம் கேட்பது ஆட்களை எடைபோடும் கணக்கு அல்ல. அலுவலகங்களை எடைபோடும் கணக்கு. பெயரை வெளியிட வேண்டாம். நாட்களை வெளியிடட்டும்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஜில்லாவிலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்கத் தாள் போதும். விசாரணைக் கைதிகள் எத்தனை பேர். ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு, அதற்கு மேல் என்று எத்தனை எத்தனை பேர். ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே போகாதவர்கள் எத்தனை பேர், என்ன காரணம். வாய்தா தள்ளிப்போனது யாரால், வக்கீலாலா, சாட்சியாலா, காவலுக்கு ஆள் இல்லாததாலா, கோர்ட் கூடாததாலா? இந்த நாலு கேள்விக்குப் பதிலைப் பெயர் இல்லாமல் கோர்ட் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். செலவு ஒரு தாள்.

ரிட்டயராகிக் கல்பாத்திக்கே திரும்பியிருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சட்டப்பணிகள் ஆணையத்தில் சட்டத் தன்னார்வலராகச் சேர ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் இடம் இருக்கிறது. சிறைக்குப் போய்க் கைதிகளிடம் பேசி, வந்த தேதியையும் வழக்குப் பிரிவையும் கேட்டு எழுதி, யாருக்கு மனு போடவில்லை என்று வக்கீலிடம் சொல்வது அந்த வேலையில் ஒரு பகுதி. முப்பது வருஷம் ஆபீஸில் பேரேடு ஒத்துப் பார்த்தவருக்கு இது கைவந்த கலை. இந்தியும் வங்காளியும் பேசத் தெரிந்த டெல்லி, கல்கத்தா மாமாக்களும் மாமிகளும் பாலக்காட்டில் எத்தனை பேர்! வெளியூர்த் தொழிலாளி ஒருவரிடம் அவர் மொழியில் 'எப்போது வந்தாய்?' என்று கேட்பதே பாதி உதவி.

வெளியூரில் இருக்கும் குடும்பங்களும் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. இந்தியாவில் எங்கிருந்தும் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

பெரியவருக்குப் பதில் இதுதான். மாமா, நாமும் ஒரு காலத்தில் ஜாமீனுக்கு ஆள் இல்லாத ஊரில் போய் இறங்கியவர்கள்தான். அப்போது நம்மைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம், அல்லது யாரோ ஒருவரின் நல்ல மனசு. நம் ஊருக்கு வந்திருப்பவனையும் அதிர்ஷ்டத்திடமே விட்டுவிடலாமா? அவன் மலம்புழையில் எத்தனை நாளாக இருக்கிறான் என்றாவது யாராவது எண்ண வேண்டாமா?